குடித்து இறந்தார்கள்: ஒரு வாக்கியத்தின் இலக்கணம்

சாம்ஸ்கியின் 'தொடரமைப்புகள்' 1957இல் வெளிவந்தது. பத்தே ஆண்டுகளில், 1967இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ச. அகத்தியலிங்கத்தின் ஆக்கமுறைத் தமிழிலக்கணத்தை வெளியிட்டது. விதிகள் சில, அவற்றிலிருந்து பிறக்கும் வாக்கியங்களுக்கு எண்ணிக்கை இல்லை. இதுவரை எவரும் சொல்லாத வாக்கியத்தையும் மொழி அறிந்தவன் சொல்லிவிட முடியும் என்பதே இந்த மாதிரியின் அடிப்படை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் ஒரே வாக்கியத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்ற கேள்வி இதற்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியோடு தொல்காப்பியத்திடம் போகலாம் என்று தோன்றுகிறது.

வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் தொழிலின் முதல்நிலைகள் என எட்டைச் சொல்கிறார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயனாக. வினையை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பங்காளிகளை நிறுத்துகிற பார்வை இது. 1968இல் ஃபில்மோர் முன்வைத்த வேற்றுமை இலக்கணம் இதற்கு மிக அருகில் வருகிறது. எட்டும் எல்லா வாக்கியத்திலும் வந்தாக வேண்டியதில்லை, வழக்கில் சில இல்லாமற் போகலாம் என்று அடுத்த சூத்திரமே இடம் தருகிறது. எது இல்லாமற் போகிறது, யாருடைய வழக்கில் என்று கேட்கத் தொடங்கும்போது இலக்கணத்துக்குள் சரித்திரம் நுழைகிறது.

மரக்காணம் உப்பளக் கரையில் எக்கியார்குப்பம் ஒரு மீனவக் குப்பம். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம் பகுதிதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 2023 மே மாதம் இந்தக் குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்தால் 20க்கு மேல். செய்தி வந்த வடிவம் ஏறத்தாழ இதுதான்: 'சாராயம் குடித்து இறந்தார்கள்.' நிலம் இருக்கிறது, காலம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. செய்தது யார்?

'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம், தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது தொல்காப்பிய விதி. குடித்தவர் எவரோ அவரே இறந்தவர். வாக்கியத்தின் இரண்டு வினைகளுக்கும் இறந்தவர்களே பொறுப்பாகிவிடுகிறார்கள். கலந்தவனும் விற்றவனும் வந்து நிற்க இதில் ஓர் இடுக்குக்கூட இல்லை. எழுதியவர்களின் உள்நோக்கம் என்று இதைச் சொல்லமாட்டேன்; கைக்கு எளிதாக வந்த எச்சம் இது. எளிதாக வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சொல்லின் மட்டத்திலும் இதுவே நடந்தது. ஆய்வுக்குப் பின், இது கள்ளச்சாராயம் அல்ல, விஷச்சாராயம் என்று காவல்துறை விளக்கியது. வேதியியலில் அது சரி. ஆனால் தொகைகளை விரித்துப் பார்க்க வேண்டும். கள்ளம் என்றால் கள்ளம் செய்தவன் ஒருவன் உண்டு; அதைப் பிடிக்கத் தவறியவனும் உண்டு. விஷச்சாராயத்தை விரித்தால் விஷத்தைக் கொண்ட சாராயம் என்று ஆகிறது. கொண்டது சாராயம். மனிதர் யாரும் அங்கே இல்லை.

கைதுகள் நடந்தன, காவலர் சிலர் பணியிடை நீக்கம் பெற்றார்கள், வழக்கு சிபிசிஐடி வசம் போயிற்று. வாக்கியம் மட்டும் அசையவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கி 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அதே வாக்கியம் வந்தது. நிலமும் காலமும் எண்ணிக்கையும் மட்டுமே மாறியிருந்தன. எண்ணற்ற வாக்கியங்களைப் பிறப்பிக்க வல்ல ஒரு மொழியில் நிரப்புவதற்கென்று வைத்த படிவம்போல ஒரு வாக்கியம்.

தொல்காப்பியரின் எச்ச வாய்பாடுகள் ஒன்பது. அவற்றுள் 'செய' என்பது வேறொரு வினைமுதலையும் ஏற்கும். விதி இருக்கிறது, வழக்கில்தான் இல்லை: ஒருவன் கலக்க, ஒருவன் விற்க, ஒருவன் காணாதிருக்க, இவர்கள் இறந்தார்கள்.