பச்சிலைச் சாற்றில் பிறந்த தடுப்பூசி நுட்பம்

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலைச்சரிவுகளைப் பசுமையாக்கியதில் தமிழர்களின் உழைப்பு பெரியது. தோட்டத்து வீடுகளில் யாருக்காவது கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். ஆனால், ஹெபடைடிஸ் பி கிருமி பலரிடம் கண்ணில் மஞ்சளே காட்டாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றி, பல ஆண்டுகள் மறைந்திருந்து, கல்லீரலைச் சுருக்கும். புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

உயிரில்லாத உறை

1965-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பரூச் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். அது இந்தக் கிருமியின் மேலுறை என்பது பிறகு தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் இரத்தத்தில் வெறும் உறைகள் மட்டும் உருண்டைகளாக மிதக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நானோமீட்டர். உள்ளே மரபணு இல்லாததால் நோய் தராது. ஆனால், உடல் அதைப் பார்த்துக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும்.

1981-இல் வந்த தடுப்பூசி, கிருமி உள்ளவர்களின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது. மக்கள் தயங்கினார்கள். 1986-இல் ஈஸ்ட்டுக்குள் அந்த உறையின் மரபணுவைச் செலுத்தி உருவாக்கிய தடுப்பூசி வந்தது. இரத்தம் தேவையில்லாமல் போனது.

சலிப்பதா, பிரிப்பதா?

ஈஸ்ட்டை உடைத்தால் ஆயிரக்கணக்கான புரதங்களும் கொழுப்பும் கலந்தே வெளிவரும். அதில் உறைத் துகளை மட்டும் சிதையாமல் எடுப்பது எப்படி? விடையின் வேர் ஒரு பச்சிலையில் இருக்கிறது. 1903-இல் ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. அதுதான் குரோமட்டோகிராபி; கிரேக்க மொழியில் 'வண்ண எழுத்து' என்று பொருள்.

இன்று சுண்ணாம்புக்குப் பதில் நுண்மணிகள். ஒரு குழாயில் துகள்கள் மின்னேற்றத்தால் மணிகளில் ஒட்டும், அழுக்கு கழுவப்படும், பிறகு உப்புக் கரைசல் துகளை விடுவிக்கும். இன்னொரு குழாய் அளவைப் பார்த்துப் பிரிக்கும். தேயிலை ஆலைச் சல்லடையில் தூள் முதலில் விழும், பெரிய இலை தங்கும். இங்கே நேர்மாறு! சிறியவை மணிகளின் துளைகளுக்குள் புகுந்து தாமதிக்கும். பெரிய துகள் சுற்றிக்கொண்டு முதலில் வெளியேறும்.

மலேசியாவில்

1989-இல் மலேசிய அரசாங்கம் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2010-இல், 13 வயது மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளிகளில் தொடங்கியது. அதுவும் வெற்றுறைத் துகள்தான். செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இத்தகைய துகள்களைக் குரோமட்டோகிராபியால் பிரிக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால், 1989-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்பிலேயே அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஓர் இரத்தப் பரிசோதனை போதும், கிருமி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் சிகிச்சை உண்டு. பாதுகாப்பு இல்லையென்றால் ஊசி உண்டு. வீட்டுப் பெரியவர்களை கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு.