புத்தகத்தில் இல்லாத கோபுரம்

என் அக்கா மகன் நாலாவது படிக்கிறான். போன நவராத்திரி லீவுக்குத் திருவண்ணாமலை வந்தபோது ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய லெகோ கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆறேழு செட்டுகளை ஒன்றாகக் கொட்டியதில், எது போலீஸ் ஸ்டேஷன், எது விண்கலம் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ராஜகோபுரம் தெரியும். ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து வாளியைக் கிளறிக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"மாமா, அத கட்டலாமா?"

"கட்டலாமே."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆனா அதுக்கு புக்கு இல்லியே மாமா."

புக்கு என்று அவன் சொன்னது, செட்டோடு பெட்டியில் வரும் செய்முறைப் புத்தகத்தை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. இன்ஜினியரிங் கடைசி வருஷம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சமர்ப்பித்த புராஜெக்ட் நாங்கள் செய்தது கிடையாது. ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. சர்க்யூட், கோடு, தங்க எழுத்து அட்டை போட்ட அறிக்கை, வைவாவில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்லவேண்டும் என்கிற தாள், எல்லாம் சேர்த்து ஒரே விலை. நல்ல மார்க் வந்தது. புக்கு இல்லாமல் எதையும் கட்டாதே என்று யாரும் எனக்கு வாயால் சொன்னதில்லை. ஆனால் நான் அதைத்தான் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

அதனால் அன்றைக்கு ராத்திரி இரண்டு விஷயங்களைத் தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டைகளை வைத்துப் புக்கில் இல்லாததைக் கட்டியவர்கள் யார்? எதிரே நிற்கும் அந்தக் கோபுரத்தை எந்தப் புக்கைப் பார்த்துக் கட்டினார்கள்?

*

முதல் கேள்வியின் கதை டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சின்ன ஊரில் தொடங்குகிறது. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஒரு தச்சர். பொருளாதார மந்தத்தில் வீடு கட்டும் வேலை நின்றுபோக, 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். லெகோ என்ற பெயர் 1934-ல் வந்தது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம். 1949-ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பிளாஸ்டிக் கட்டையே முழுக்கச் சொந்தக் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் தன் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த கட்டையைப் பார்த்து, கொஞ்சம் மாற்றிச் செய்தது.

அந்தப் பழைய கட்டையில் ஒரு குறை இருந்தது. மேலே குமிழ்கள் உண்டு, உள்ளே வெறும் பொந்து. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் பிரியும். ஓலே கிர்க்கின் மகன் கோட்ஃப்ரட், கட்டையின் உள்ளே குழாய்களை வைத்தார். குமிழ், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே சிக்கிப் பிடித்துக்கொள்ளும். 1958 ஜனவரி 28 அன்று இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த இடைவெளிக் கணக்கை அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. அதனால் 1958-ன் கட்டை இன்று காலை கடையில் வாங்கிய கட்டையோடு பொருந்தும். மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஒரு பொறாமை உண்டு. நாங்கள் எழுதும் கோடு மூன்று வருஷத்துக்கு முந்தைய எங்கள் கோடோடு பொருந்துவதே பெரும்பாடு.

அளவுகளும் அழகானவை. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டையின் பெயர் பிளேட், 3.2. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான் ரசிகர்கள் கட்டைகளைப் படுக்கப்போட்டும் பக்கவாட்டில் திருப்பியும் கட்டுகிறார்கள்.

எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு கட்டைகளை? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் எய்லர்ஸ் கணினியை வைத்து எண்ணிப் பார்த்தார். விடை 91,51,03,765. நிறுவனம் அதுவரை பல காலம் சொல்லிவந்தது சுமார் பத்தரைக் கோடிக்கும் குறைவான எண். அது ஆறு அடுக்கு உயரமாக நிற்கும் வடிவங்களை மட்டும் எண்ணிய கணக்கு. தங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று செய்தவர்களுக்கே முழுசாகத் தெரிந்திருக்கவில்லை.

*

புக்கில் இல்லாமல் சொந்தமாகக் கட்டுவதை ரசிகர்கள் 'மை ஓன் க்ரியேஷன்' என்பார்கள். சுருக்கமாக மாக். என் சொந்தப் படைப்பு. இந்த வார்த்தைக்குப் பின்னால் நான் மிக மதிக்கும் ஒருவர் இருக்கிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995-ல், கணினியிலேயே லெகோ கட்ட எல்டிரா என்கிற மென்பொருளை எழுதினார். யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. அவருடைய கோப்பு வடிவம் இன்றைக்கும் நோட்பேடில் திறந்து படிக்கிற மாதிரி எளிமையானது. ஒரு கட்டைக்கு ஒரு வரி. நிறம், அது இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள், அது திரும்பியிருக்கும் விதத்துக்கு ஒன்பது எண்கள், கடைசியில் கட்டையின் பெயர். அவ்வளவுதான்.

1997-ல் ஜெஸ்ஸிமன் இளம் வயதிலேயே இறந்துபோனார். மென்பொருள் அவரோடு போயிருக்கவேண்டும். போகவில்லை. கோப்பு வடிவம் திறந்து கிடந்ததால் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத ரசிகர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். புதிய கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து நூலகத்தில் சேர்த்தார்கள். இப்போதும் சேர்க்கிறார்கள்.

நிறுவனத்துக்கு இந்தக் கூட்டத்தை என்ன செய்வது என்று ஆரம்பத்தில் தெரியவில்லை. 1998-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ செட் வந்தது. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்ட் மாணவர் கெகோவா பிரவுட்ஃபுட் அதன் உள் நிரலைப் பிரித்து மேய்ந்து, கண்டதை எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டார். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் பயனர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே எழுதிக்கொடுத்தது. 2008-ல் ஜப்பானில் சின்னதாகத் தொடங்கிய ஒரு திட்டம் 2014-ல் லெகோ ஐடியாஸ் ஆனது. ரசிகர் தன் மாடலை முன்வைக்கலாம். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேர்வானால் செட்டாக வரும், நிகர விற்பனையில் ஒரு சதவீதம் அவருக்கு. புக்கு இல்லாமல் கட்டியவனுடைய மாடலுக்கு நிறுவனமே புக்கு போடுகிற காலம் வந்தது.

*

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாடலுக்கு அளவு எடுக்கவேண்டும் என்பதால்தான் ராஜகோபுரத்தைப் பற்றி முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருதரம்கூட நிலைகளை எண்ணியது இல்லை. பதினொரு நிலை. 217 அடி உயரம். அடித்தளம் 135 அடிக்கு 98 அடி. கீழே கருங்கல். அதற்கு மேலே? செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே முளைத்திருக்கும் பொம்மைகள் சுதை வேலை. இவ்வளவு உயரத்துக்கு முழுக்கக் கல்லை ஏற்றினால் அடித்தளம் தாங்கவேண்டிய எடை எங்கேயோ போய்விடும் என்பதால் தென்னாட்டுப் பெருங்கோபுரங்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். அதாவது, அந்தப் பையன் கையில் செங்கல்லை வைத்துக்கொண்டு, செங்கல்லால் கட்டிய ஒன்றைத்தான் காட்டியிருக்கிறான்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். ஒரு நிலையை மட்டும் உற்றுப் பாருங்கள். விளிம்பில் வரிசையாகக் குட்டிக் கட்டடங்கள் இருக்கும். மூலையில் சதுரமானது கூடம். நடுவில் நீளமாக, வண்டிக் கூண்டு மாதிரி வளைந்த கூரையோடு இருப்பது சாலை. இடையில் ஒடுக்கமாக நிற்பது பஞ்சரம். இந்த வரிசைக்குச் சிற்பிகள் வைத்த பெயர் ஆரம், மாலை. ஒரு நிலை முடிந்ததும் அதே மாலை கொஞ்சம் சிறிதாகி அடுத்த நிலையில் வரும். உச்சியில் கலசங்களைத் தாங்கி நிற்பது? அதுவும் ஒரு பெரிய சாலைதான். விரல்விட்டு எண்ணக்கூடிய சில உறுப்புகள், அவற்றை அடுக்கும் விதி, அளவுகளின் விகிதம். மயமதம் போன்ற சிற்ப நூல்கள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் இன்ன ஊரில் இன்ன கோபுரத்தை எப்படிக் கட்டவேண்டும் என்ற படிப்படியான புக்கு அவற்றில் இல்லை. கட்டை உண்டு, பெட்டிப்படம் இல்லை.

அந்தக் குட்டிக் கட்டடங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க மாமல்லபுரம் போகவேண்டும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர்கள் பாறையைக் குடைந்து செய்த ரதங்கள். திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை, கல்லில். பீம ரதத்தின் தலையில் இருப்பது நீண்ட சாலைக் கூரை. தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகளில் அதே கூடமும் சாலையும் குட்டிக் குட்டியாக மாலை கட்டி நிற்கின்றன. மரத்தாலும் ஓலையாலும் நிஜமாக இருந்த வீடுகளைக் கல்லில் மாடல் செய்தார்கள். அந்த மாடலைச் சின்னதாக்கி இன்னொன்றுக்கு உறுப்பாக்கினார்கள். ஆயிரம் வருஷத்தில் அது பதினொரு நிலைக்கு ஏறியது. நாங்கள் மொட்டைமாடியில் செய்ய நினைத்தது, மாடல்களால் ஆன ஒன்றுக்கு மாடல்.

கட்டியவர்கள் கதையும் ஜெஸ்ஸிமன் கதை மாதிரித்தான் இருக்கிறது. ராஜகோபுரத்தைத் தொடங்கிவைத்தவர் கிருஷ்ணதேவராயர். 1529-ல் அவர் இறந்துபோனார். முடித்தவர் தஞ்சையின் முதல் நாயக்க அரசர் செவ்வப்ப நாயக்கர். ஆள் மாறியும் வேலை தொடர முடிந்ததற்குக் காரணம், கொத்தனார்களுக்கும் ஸ்தபதிகளுக்கும் உறுப்பும் விதியும் பொதுவாகத் தெரிந்திருந்தது. ஜெஸ்ஸிமனின் கோப்பைப் போல, யாரும் திறந்து தொடரலாம்.

வடக்குக் கோபுரத்தின் கதை இன்னும் பெரியது. 171 அடி. அதைக் கட்டியது எந்த ராஜாவும் இல்லை. அம்மணி அம்மாள் என்கிற துறவி. செங்கம் பக்கத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய காசில் கோபுரம் எழுந்தது. கூலி கொடுக்கக் காசு இல்லாத ஒரு நாள் விபூதியை அள்ளிக் கொடுத்ததாகவும், அவரவர் செய்த வேலைக்கு ஏற்ப அது காசானதாகவும் எங்கள் ஊரில் சொல்வார்கள். விபூதிக் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கோபுரம் நிற்கிறது, அவர் பெயரில். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் கட்டலாம் என்ற திட்டத்தைப் படித்தபோது எனக்கு இந்த அம்மாள்தான் ஞாபகம் வந்தார்.

*

சரி, கட்டினோமா? கட்டினோம். அகலத்துக்கு 32 குமிழ் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி ஆழம் 23 சொச்சம். அதை 24 ஆக்கினோம். உயரம் 43 கட்டை. ஒவ்வொரு நிலைக்கும் இரு பக்கமும் ஒரு குமிழ் குறைத்தால் முன்பக்கம் 32-லிருந்து 12-க்கு அழகாக வந்துவிடும். பக்கவாட்டில் அதையே செய்தால் உச்சியில் 4 குமிழ்தான் மிஞ்சும், கோபுரம் பலகையாகிவிடும். இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டோம். நான் கூகுளில் யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். புராஜெக்ட் சென்டர் பழக்கம்.

அவன் வாளிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தான். இரண்டு குமிழ் அகலம், ஆனால் நடுவில் ஒரே ஒரு குமிழ். ஜம்பர் பிளேட் என்பார்கள். "மாமா, இத வெச்சா பாதிதான் உள்ள போவும்." அதேதான். நாலு இடத்தில் அரைக் குமிழ் மட்டும் உள்ளே தள்ளினோம். உச்சியில் 8 குமிழ் வந்தது. நிறம் பொருந்தாமல் ஐந்தாம் நிலை சிவப்பாகவும் எட்டாம் நிலை பாதி நீலமாகவும் இருந்தது. கலசத்துக்கு மஞ்சள் குமிழ்கள்.

எங்கள் அம்மா அதைக் கொலுப் பார்க்கில் வைக்கச் சொன்னார். கடுகு முளைக்கவைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டுக் குளம், மண் மலை, அதன் பக்கத்தில் லெகோ ராஜகோபுரம். ஒவ்வொரு வருஷமும் அம்மா அந்தப் பார்க்கை வேறு மாதிரி போடுவார். அதற்கு ஒருநாளும் புக்கு இருந்ததில்லை. இத்தனை வருஷம் வீட்டிலேயே நடந்ததை நான் ஒரு செய்கையாக எண்ணியதே இல்லை. வந்த மாமி ஒருவர், "எந்தக் கடையில வாங்கினே?" என்று பையனைக் கேட்டார். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

கொலு முடிந்ததும் பிரித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. "இருக்கட்டுமேடா" என்றேன். ஊருக்குப் போய் விண்கலம் கட்டவேண்டும், கட்டைகள் வேண்டும் என்றான். பிரிப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு வேலை செய்தான். கோடு போட்ட நோட்டில் நிலை நிலையாகப் படம் வரைந்தான். அரைக் குமிழ் தள்ளும் நாலு இடத்திலும் பென்சிலால் அம்புக்குறி. ஏழாம் நிலையில் எண்ணிக்கை தப்பு. நான் சொல்லவில்லை. நோட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

"அடுத்த தடவ நீயே கட்டு மாமா. தப்பா இருந்தா மாத்திக்கோ."

என் பழைய புராஜெக்ட் அறிக்கை பரண்மேல் எங்கேயோ கிடக்கிறது. இந்த நோட்டு மேஜைமேல் இருக்கிறது. கட்டைகள் வாங்கவேண்டும்.