நஞ்சுமுறி மருந்தும் நாட்டுப்புறமும்

1891ஆம் ஆண்டின் மழைக்காலம். பிரஞ்சியர் ஆட்சியிலிருந்த தென் வியட்நாமில், பக்லியூ என்னும் ஊர்ப்புறத்தில் வெள்ளம் புகுந்தது. வளையிழந்த நாகங்கள் சிற்றூர் ஒன்றினுள் நுழைந்து நாற்பது பேரைக் கடித்தன, நால்வர் மாண்டனர். பிடிபட்ட பாம்புகளைப் பீப்பாயில் அடைத்துச் சைகோனுக்கு அனுப்பினர். அங்கே பாஸ்டர் ஆய்வுக்கூடத்தை நிறுவியிருந்த ஆல்பர்ட் கால்மெத் என்னும் இளம் மருத்துவர் அவற்றின் நஞ்சை ஆராயலானார். 1894இல் நஞ்சுமுறிச் சீரத்தை உலகுக்கு அறிவித்தார். நம் புதுவை, காரைக்கால் மக்கள் வணிகத்திற்கும் உத்தியோகத்திற்கும் கப்பலேறிய அதே சைகோன்தான் அது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

மருந்து பிறந்ததனால் மரணம் நின்றுவிடவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். நால்வரில் மூவர் மருத்துவமனைக்கு வெளியே உயிர்நீத்தவர்.

பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூரின் சங்கராபரணிக் கரையிலும் நெல் விளைகிறது. நெல்லை நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும். வரப்பில் வெறுங்காலோடு நடப்பவரைக் கண்ணாடி விரியன் கடிக்கிறது. தரையில் பாய்விரித்து உறங்குபவரைக் கட்டு விரியன் தீண்டுகிறது. பல வேளைகளில் வலிகூடத் தெரிவதில்லை. பாம்புக்கு ஏழை, செல்வர் வேறுபாடு இல்லை என்பர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. செருப்பும் கட்டிலும் கைவிளக்கும் உள்ளவரை அது அரிதாகவே தீண்டுகிறது.

சிகிச்சையோ எளிதாகவே தொடங்குகிறது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை இருபது நிமிடம் அசையாது வைத்தால், உறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். உறையாவிடின் விரியன் நஞ்சு எனக் கொண்டு உடனே மருந்தேற்றலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இது இயலும். மந்திரிப்பவரிடம் கழியும் நேரத்தில் சிறுநீரகம் கெடுகிறது. பிறகு மருந்து இருந்தும் பயன் குறைவு. உழைப்பவர் படுக்கையில் வீழ, வீடு கடனில் மூழ்குகிறது.

1823இல் பிரஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது. இராமநாதபுரத்தில் அதற்கு ஒரு கிராமியச் சுகாதார மையமும் உண்டு. அவசரப் பிரிவுச் சீட்டில் கடிவாய் எங்கே என எழுதுவது வழக்கம். கடிபட்டவர் எங்கே படுத்திருந்தார், காலில் செருப்பு இருந்ததா, தெருவில் விளக்கு எரிந்ததா என்பனவற்றையும் எழுதிவைத்தால், எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எந்த வீட்டுக்குக் கட்டில் வேண்டும் என்பதைக் கொம்யூன் பஞ்சாயத்து அச்சீட்டுகளைக் கொண்டே அறிந்துகொள்ளும்.