கல்விச்சாலையும் அரசியல் விவாதமும்: திருமுக்கூடலும் வட்டுக்கோட்டையும்

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 1068இல் பொறிக்கப்பெற்ற நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையில் 60 மாணவர் தங்கிப் பயில வழிசெய்யப்பட்டதை அது விரித்துரைக்கிறது. ரிக் வேதம் பயில்வோர் 10 பேர். யசுர் வேதம் பயில்வோர் 10 பேர். வியாகரணம் பயில்வோர் 20 பேர். ஆகமம் கற்போரும் உளர். அவர்களுக்கு நாள்தோறும் உணவும், படுக்கப் பாயும், இரவு விளக்குக்கு எண்ணெயும் அளிக்கப்பட்டன. நோயுற்றோருக்கென 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தது. இத்துணைப் பரிவுடன் மாணவர் நலம் பேணிய ஏற்பாடு நம் போற்றுதற்குரியது.

எனினும் அக்கல்வெட்டின் தொடக்கத்தில் நிற்பது மன்னனின் மெய்க்கீர்த்தி. கூடற்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற பெருமை அங்கே விரிவாகப் பேசப்படுகிறது. அப்போர் தேவைதானா, அதனால் எளிய மக்கள் அடைந்த இழப்பு யாது என்று ஆராயும் பாடம் எதுவும் அப்பட்டியலில் இல்லை. நிலத்தை உழுதோரின் மக்களுக்கும் அங்கு இடமில்லை. பதினோராம் நூற்றாண்டை நம் காலத்து அளவுகோலால் அளப்பது முறையன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: தன்னைத் தாங்கும் அதிகாரத்தையே ஒரு கல்விச்சாலை தன் கூடத்துக்குள் வினவ இயலுமா? பெத்தேல் அரசனுக்குரிய இடம், அங்கே பேசலாகாது என்று ஆசாரியனாகிய அமத்சியா ஆமோசைத் தடுத்ததும் இவ்வினாவையொட்டியதே.

இதற்கு வேறு விடை தந்த ஒரு கல்லூரி மிஷன் வரலாற்றிலேயே உண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் இலங்கையின் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் வழிவந்தது யாழ்ப்பாணக் கல்லூரி. அங்கு ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் முன்னின்று, 1924இல் மாணவர் காங்கிரஸ் ஒன்றைத் தோற்றுவித்தார். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த ஒரு மிஷன் கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் முழுச் சுயராச்சியத்தைப் பற்றி வெளிப்படையாக விவாதித்தனர். சாதி வேறுபாடின்றி மாணவர் சமமாக அமர வேண்டுமெனவும், தாய்மொழிக் கல்வி வளர வேண்டுமெனவும் வாதாடினர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றனர். கல்லூரி முதல்வராயிருந்த ஜான் பிக்னெல் என்னும் மிஷனரி இம்முயற்சிக்குத் தடை விதிக்கவில்லை.

விவாதம் எப்பொழுதும் நன்முடிவையே தந்தது என்று கூறுவதற்கில்லை. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கக் காங்கிரஸ் அழைப்பு விடுத்தது. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்பாளராக நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டு வரை அவ்விடங்கள் வெறுமையாயிருந்தன. அது தவறான முடிவு என்று அன்றே பலர் கூறினர். இன்றும் கூறுவோர் உளர். ஆயினும் அத்தவற்றை ஆராயும் ஆற்றலும் விவாதத்தினாலேயே வளர்கிறது. பேச வாய்ப்பில்லாத இடத்தில் தவறு மறைந்து வளர்கிறதேயன்றி ஒழிவதில்லை.

இன்று நம் கல்லூரிகளையும் இறையியல் கல்லூரிகளையும் தாங்குவோர் பலர்: அரசு மானியம் தருவோர், வெளிநாட்டு நன்கொடையாளர், நம் திருச்சபையின் ஆட்சிக் குழுக்கள். இவர்களைப் பற்றிய வினாக்கள் வகுப்பறையில் எழும்பொழுது நாம் செய்வது யாது? ஒழுங்கு என்னும் பெயரால் வாயடைக்கிறோமா? அல்லது நூல்களைக் கையில் கொடுத்து, மாற்றுக் கருத்துடையோரையும் அழைத்து, நிதானமாக ஆராயக் கற்பிக்கிறோமா? மாணவருக்கு உணவும் விளக்கெண்ணெயும் அளந்து கொடுத்தது திருமுக்கூடல். அவ்விளக்கொளியில் எதையும் வினவலாம் என்னும் உரிமையையும் சேர்த்து அளிப்பது நம் கடமையாகும்.