நெற்றிப்பட்டமும் காயல் சேறும்: கொச்சியின் காட்டுயிர் முன்னுரிமை குறித்து

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு பெரும்பாலும் காயலின் அடிமண். துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் 1920களிலும் 30களிலும் துறைமுகத்துக்காக வாரிய சேறு அங்கே நிலமாயிற்று. கொச்சி எந்தக் காட்டுயிரை முதலில் காக்க வேண்டும் என்ற கேள்வியை இந்தத் துறையில் நின்று கேட்டாலும் யானை என்றே பதில் வரும். அது மாநில விலங்கு. அரசு இலச்சினையிலும் இரண்டு யானைகள் நிற்கின்றன.

ஒரு சமூகத்தின் அடையாளத்தையே உருவாக்கும் உயிரினங்களை ஆய்வாளர்கள் ஆன் கரிபால்டியும் நான்சி டர்னரும் 2004இல் 'பண்பாட்டு ஆதார உயிரினங்கள்' என்ற கருத்தாக விரித்துரைத்தனர். மக்கள் மதிக்கும் உயிருக்கே பாதுகாப்பில் முதலிடம் என்று அதிலிருந்து தாவிவிடுவது எளிது. கொச்சியில் அந்தத் தாவல் சறுக்கும். இங்கே கோயில் பூரங்களில் நெற்றிப்பட்டம் சூடுவது காட்டைவிட்டுப் பிரிந்த யானை. 2023இல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி கோயில் இயந்திர யானையை ஏற்றது. நல்ல செயல்தான். ஆனால் உயிருள்ள யானை இன்றியே சடங்கு நடக்குமென்றால், சடங்குக்குள்ள மதிப்பைக் காட்டின் கணக்கில் எப்படி வரவு வைப்பது?

யானைக்கு அடுத்து நினைவுக்கு வரும் கரிமீன் 2010இல் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. வாழையிலையில் பொள்ளித்த கரிமீன் இல்லாமல் கொச்சியின் விருந்து ஏது? இங்கும் அதே சிக்கல்: ஆந்திரக் குளங்களில் வளர்ந்த கரிமீனும் கேரளத் தட்டுக்கு வருகிறது. நாக்குக்கும் மாற்று கிடைத்துவிட்டது.

மாற்று இல்லாதது வெள்ளவலி என்ற மீன்பிடி முறை. குருத்தோலைக் கீற்றுகள் கட்டிய கயிற்றை நீரில் இழுப்பார்கள்; வெருண்ட கரிமீன் சேற்றில் புதையும்; முங்கிக் கையால் எடுப்பார்கள். மீன் எங்கே ஒதுங்கும், ஆணும் பெண்ணுமாக முட்டையை எங்கே காக்கும், குஞ்சுக்கு எந்தச் சேற்றில் குழி பறிக்கும் என்று தெரியாதவர் வெறுங்கையோடு திரும்புவார். இந்த அறிவு ஆழம் குறைந்த காயலில்தான் பிழைக்கும். பண்பாட்டு முக்கியத்துவத்தை நான் அளப்பது இந்தக் கோலால்தான்: இயற்கை வாழிடம் அழிந்தால் கூடவே அழிவது எது?

யானை அருகிவரும் இனம், கரிமீனுக்கு அந்த ஆபத்து இல்லை என்பார்கள். உலகப் பட்டியலில் அது சரி. ஆனால் மட்டாஞ்சேரியில் யானைக்காடு கிடையாது. நெற்றிப்பட்ட யானையின் துன்பம் விலங்கு நலப் பிரச்சினை. அதற்குத் தனி விதிகள் உண்டு. காயலின் நிலை வேறு. 2002இல் ராம்சர் ஈரநிலமாகிய வேம்பநாட்டுக் காயலில், 1976 முதல் தண்ணீர்முக்கம் தடுப்பணை குட்டநாட்டு நெல்லுக்காகக் கோடையில் உப்புநீரை மறிக்கிறது. உவர்நீரில் இனம் பெருக்க வேண்டிய ஆற்றுக்கொஞ்சு என்னும் நன்னீர் இறால் அதனால் நொடிந்தது. கப்பல்தடத்துக்காக மட்டாஞ்சேரிக் கால்வாயில் தூர்வாருதல் இன்றும் தொடர்கிறது.

உள்ளூர் முன்னுரிமையை முடிவுசெய்யும் கூட்டத்துக்குப் பூரக் கமிட்டியையும் அழையுங்கள், உணவகக்காரர்களையும் அழையுங்கள். வெள்ளவலிக்காரர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தைத் தொடங்காதீர்கள்.