ஏவல் வினையில் தொடங்கிய குடித்தனம்

1867ஆம் ஆண்டின் இறுதியில் ஃப்ளோரா ஆனி வெப்ஸ்டர் என்னும் இருபது வயதுப் பெண், இந்தியக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி வில்லியம் ஸ்டீலை மணந்தார். மணமான கையோடு இருவரும் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். சூயஸ் கால்வாய் அப்போது இன்னும் திறக்கப்படவில்லை. அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சாபே அவர்களது வாழ்விடமாயிற்று. அக்காலத்தின் பெரும்பகுதியை, லாகூருக்குத் தெற்கே, இன்றைய பாகிஸ்தானில் உள்ள கசூர் போன்ற சிற்றூர்களில், ஆங்கிலேயர் மிகக் குறைவாக இருந்த சூழலில் அவர்கள் கழித்தனர்.

புதிய நாட்டில் குடியேறும் இணையர் இருவரும் அந்நாட்டு மொழியை ஒரே வாயில் வழியாக அடைவதில்லை. ஹென்றி ஸ்டீல் போன்ற அதிகாரிகளுக்கு உள்நாட்டு மொழி ஒரு தேர்வுப் பாடம். அதற்கு இலக்கண நூல் உண்டு, முன்ஷி உண்டு, தேர்ச்சிச் சான்றும் உண்டு. அவர்களுடைய மனைவியருக்கு இவற்றுள் எதுவும் கட்டாயமில்லை. அவர்களுக்கு மொழி வாய்த்த இடம் சமையற்கட்டும் பண்டசாலையும் வாசற்படியுமே.

கான்சாமா, கித்மத்கார், தோல்பையில் நீர் சுமந்து வரும் பிஸ்தி, குதிரைக்காரரான சாயிஸ், தோபி, ஆயா எனப் பலர் சூழ்ந்த வீட்டில், கணவர் கச்சேரிக்குச் சென்ற பின் பகல் முழுவதும் பேசியாக வேண்டியவர் மனைவி. ஃப்ளோரா ஸ்டீல், கிரேஸ் கார்டினருடன் சேர்ந்து 1888இல் வெளியிட்ட இந்திய இல்லப் பராமரிப்புக் கையேடு இந்த அனுபவத்திலிருந்து விளைந்தது. புதிதாக வரும் ஆங்கிலேயப் பெண் இந்துஸ்தானி கற்றே ஆகவேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. அதற்கு அந்நூல் கூறும் காரணம், வேலையாட்களுக்கு விளங்கும்படி ஆணையிட வேண்டும் என்பது. வீட்டை ஆள்வதும் பேரரசை ஆள்வதும் ஒரே தன்மையன என்ற ஒப்புமையையும் நூலாசிரியர்கள் தயங்காமல் முன்வைக்கின்றனர்.

ஆணையிடுவதற்காகக் கற்ற மொழி என்ன வடிவம் கொள்ளும் என்பதற்கு அதே காலத்து அகராதி ஒன்று சான்று தருகிறது. ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்', இந்தியாவாழ் ஆங்கிலேயரின் பேச்சில் புழங்கிய 'பனௌ', 'லகௌ', 'பக்கரௌ', 'ஃபூசிலௌ' போன்ற வினைச்சொற்களைப் பதிவு செய்கிறது. இவை முறையே 'பனாவோ', 'லகாவோ', 'பக்டாவோ', 'ஃபுஸ்லாவோ' என்னும் இந்துஸ்தானி ஏவல் வடிவங்கள். ஆங்கிலப் பேச்சில் இவையே வினையின் அடிப்படை வடிவங்களாக வழங்கியதையும், அது அவ்வட்டாரத்தில் வழக்கமான போக்கு என்பதையும் அகராதி குறிப்பிடுகிறது.

மொழியியல் நோக்கில் இது கவனத்துக்குரியது. இந்துஸ்தானியில் ஏவலுக்குப் படிநிலைகள் உண்டு: 'தூ'வுக்கு 'பனா', 'தும்'முக்கு 'பனாவோ', 'ஆப்'புக்கு 'பனாயியே'. கடன்பெற்ற மேற்கண்ட சொற்கள் அனைத்தும் நடுப்படியைச் சேர்ந்தவை. மரியாதைப் படி அவற்றில் இல்லை. தன்மையில் வரும் 'செய்கிறேன்', படர்க்கையில் வரும் 'செய்தார்' ஆகியவற்றுக்கு நிகரான வடிவங்களும் இல்லை. ஒரு மொழியின் வினைத் தொகுதி முழுவதிலிருந்தும் ஏவல் ஒன்றே எடுத்துக்கொள்ளப்பட்டால், அங்கே நிகழ்ந்த உரையாடல் எத்தகையது என்பதை ஊகிப்பது கடினமன்று.

சென்னை மாகாணத்தில் இந்த உறவு தலைகீழாக அமைந்தது. அங்கே மொழி கற்கும் சுமை பெரிதும் வேலையாட்கள் மீது விழுந்தது. அதன் விளைவே 'பட்லர் இங்கிலீஷ்'. நிகழ்கால எச்சத்தால் எதிர்காலத்தையும், 'டன்' என்னும் சொல்லால் இறந்தகாலத்தையும் அது உணர்த்தியது: 'ஐ டெல்லிங்' என்றால் சொல்வேன், 'ஐ டன் டெல்' என்றால் சொன்னேன். இதைச் சிதைந்த ஆங்கிலம் என்று எள்ளியவர் பலர். ஆயினும் அதில் காலம் உண்டு, தன்மை உண்டு. எசமானி கடன்பெற்ற வினைகள் ஏவின. சமையற்காரரின் ஆங்கிலமோ விடை சொன்னது.

ஃப்ளோரா ஸ்டீலின் மொழி வாழ்வு ஏவலோடு நின்றுவிடவில்லை. பெண்களின் கல்வியில் ஈடுபட்டுப் பின்னர்ப் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராகவும் பணியாற்றிய அவர், பஞ்சாபின் நாட்டுப்புறக் கதைகளையும் கேட்டுத் திரட்டினார். ஆர். சி. டெம்பிளுடன் அவர் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு 1884இல் வந்தது. கதை கேட்க அமர்பவர் மொழியைச் சொல்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இறந்தகாலமும் படர்க்கையும் விளங்காமல் கதை விளங்காது. எனினும், நான்கு ஆண்டுகள் கழித்து அவரே எழுதிய கையேடு வேலையாட்களை வயது வந்த குழந்தைகளாகவே கருதுகிறது. மொழியறிவு தன்னளவில் மரியாதையைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு இந்த இரு நூல்களும் ஒருவர் கையிலிருந்தே பிறந்த சான்றுகள்.

குடியேறியவர்களின் நாட்குறிப்புகளும் கையேடுகளும் வரலாற்றாய்வில் நிறையவே பயன்பட்டுள்ளன. அவற்றின் இலக்கணத்தையும் வாசிக்க வேண்டும். எந்தப் படிநிலையில் ஏவினார்கள், யாரைப் பெயரால் அழைத்தார்கள், யாரைத் தொழிலால் மட்டும் சுட்டினார்கள் என்று கேட்கும்போதுதான், அந்த 'பனாவோ'க்களைக் கேட்டு நின்றவர்களும் இல்லற வரலாற்றுக்குள் வருகிறார்கள். அந்தக் குடித்தனங்களில் வாழ்ந்தவர்கள் இணையர் இருவர் மட்டுமல்லர்.