ஈ-கோல்டு என்னும் பொற்கணக்கு

பொன்னைச் சுமந்து திரிதல் இடர் தருவதாதலின், அதனை ஓரிடத்தே வைத்து உரிமையை மட்டும் ஏட்டில் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. 1609-இல் தோன்றிய ஆம்ஸ்டர்டாம் வங்கியில் வணிகர் அவ்வாறே கடன் தீர்த்தனர். அம்முறையை இணையத்தில் நடத்த முற்பட்டதே ஈ-கோல்டு.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் புற்றுநோய் மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1996-இல் இதனைத் தொடங்கினார். அரசு அச்சிடும் தாளினும் பொன்னே உறுதியுடையது என்பது அவர் கொள்கை. 2006-இல் காப்பறையிலிருந்த பொன் ஏறத்தாழ மூன்றரை டன். அவ்வாண்டில் அதன்மேல் நடந்த கொடுக்கல் வாங்கலோ 200 கோடி டாலருக்கு மேற்பட்டது.

கட்டணம் பார்வைக்குச் சிறிது. பொன்னை வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று. பிறர்க்கு அனுப்புங்கால் ஒரு சிறு தொகை. வட்டி கிடையாது, இங்கே பொன்னைப் போட்டுவைத்தவன் வாடகை கொடுத்தான் என்றே சொல்லல் வேண்டும். டாலரைப் பொன்னாக்கியும் பொன்னை டாலராக்கியும் கொடுத்த இடைவணிகர் தம் கூலியைத் தனியே பெற்றனர்.

நிற்க. பொன் இருந்தது; பொன்னுக்கு உரியவர் யாவர் என்பதே தெரியவில்லை. மின்னஞ்சல் முகவரி ஒன்றிருப்பின் எப்பெயரிலும் கணக்குத் திறக்கலாம். ‘மிக்கி மவுஸ்’ என்னும் பெயரும் குற்றப்பத்திரிகையில் ஏறிற்று! ஒருமுறை அனுப்பிய தொகை மீளாது என்பது நேர்மையான வணிகர்க்கு உறுதி; அதுவே வஞ்சகர்க்கும் வசதியாயிற்று.

2005 டிசம்பரில் அதிகாரிகள் சோதனையிட்டனர். 2007 ஏப்ரலில் வழக்கு எழுந்தது. உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்தியதும், கள்ளப்பணத்தை வெளுப்பதற்குத் துணைநின்றதும் குற்றச்சாட்டுகள். தாம் கையாளுவது ரொக்கப் பணமன்றாதலின் உரிமச் சட்டம் தம்மைக் கட்டாது என்று எதிர்வாதிகள் வாதித்தனர். 2008 மே மாதத்தில் நீதிபதி ரோஸ்மேரி காலியர் அதனை மறுத்து, பணம் அனுப்புந்தொழில் ரொக்கத்தோடு நின்றுவிடுவதன்று என்று தீர்த்தார். எம் கருத்தில், இவ்வரலாற்றின் உயிர்நிலை இத்தீர்ப்பே. பொருள் யாதாயினும் அது பணத்தின் தொழிலைச் செய்யுமாயின் பணத்துக்குரிய சட்டம் அதனைத் தொடரும்.

அவ்வாண்டு ஜூலையில் ஜாக்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றம் செய்யும் உள்ளக்கருத்து அவர்க்கில்லை எனக் கண்ட நீதிமன்றம் சிறையிடவில்லை. 300 மணி நேரப் பொதுத்தொண்டும், 200 டாலர் அபராதமும், சிலகால வீட்டுக்காவலும் விதித்தது. நிறுவனத்துக்கு 3 லட்சம் டாலர் தண்டம்.

பின்னர்க் கணக்கினர்க்கு அவரவர் மதிப்பைத் திருப்பித்தர ஏற்பாடாயிற்று. ஆயினும், அதனைப் பெற வந்தோர் முதற்கண் தாம் இன்னார் என்பதை மெய்ப்பித்தல் வேண்டியிருந்தது.